உங்கள் காபியை நீங்கள் ருசித்தது உண்டா?
தாண்டிக்குடி மலையில் ஒரு காபிக் கடை

'காபிப் பழத்தைப் பறித்த கையோடு விற்பதா, உலர்த்தி விற்பதா?' அறுவடைக் காலம் நெருங்கும்போதெல்லாம் மலைப்பகுதி வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டும் பதில் சொல்லலாம். ஆனால், அந்தக் கணக்கு ருசியில் இருந்துதான் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொள்ள, திண்டுக்கல் மாவட்டம் கீழ்ப்பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடிக்குப் போனோம்.

வத்தலக்குண்டில் பேருந்து ஏறினால், பட்டிவீரன்பட்டியைத் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரும்பாறையும் இதே பாதையில்தான். பாதையின் இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், நடுநடுவே மலைவாழை, வெண்ணெய்ப் பழ மரங்கள். இத்தனைக்கும் கீழே, நிழலில் காபிச் செடிகள். பல அடுக்குச் சாகுபடியைப் புத்தகத்தில் படிப்பதைவிட, இந்தப் பேருந்தின் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தால் சீக்கிரம் புரியும். தாண்டிக்குடியில் பழமையான கல்திட்டைகள் உண்டு. முருகன் கோயில் உண்டு. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் உண்டு. நாம் தேடிப்போனது இவை எதையும் அல்ல. தானே வறுத்து, தானே அரைத்து, பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கும் ஒரு சின்னக் கடையை.

பாலை ஊற்றாமல் குடியுங்கள்

தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு விறகு அடுப்பு. அடுப்பின் மேல் கையால் சுற்றும் இரும்பு உருளையில் கொட்டை வறுபட்டுக் கொண்டிருந்தது. முதலில் ஈர வைக்கோல் வாசம். பிறகு ரொட்டி சுடுவது போன்ற வாசம். கொட்டை படபடவென வெடிக்கும் சத்தம் கேட்டதும், கடைக்கார அம்மா உருளையை இறக்கி, கொட்டையை முறத்தில் கொட்டி விசிறினார். "இதுக்கு மேல விட்டா கரிதான் தம்பி. கரியைக் குடிச்சுட்டு ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

வழக்கமான பால் காபி கேட்டோம். அவரோ இரண்டு சிறிய டம்ளர்களில் பால், சர்க்கரை சேர்க்காத காபியை வைத்தார். "பாலை ஊத்திட்டா பாதிக் குத்தம் மறைஞ்சிரும். முதல்ல கருப்பாக் குடிச்சுப் பாருங்க."

இரண்டுமே அதே மலையில் விளைந்த அராபிகா. முதல் டம்ளரில் லேசான புளிப்பு, பின்னால் வெல்லம் போல ஓர் இனிப்பு. குடித்து முடித்தபின் நாக்கில் கசப்பு தங்கவில்லை. இரண்டாவது டம்ளர் கனமாக இருந்தது. ஆனால், அடியில் மண் வாசம். "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்தான். ஒண்ணு பழத்தோலை உரிச்சு, கழுவி, சிமெண்டுக் களத்துல காயவெச்சது. இன்னொண்ணு பழத்தோட மண் தரையில காஞ்சது" என்றார். செடியும் மழையும் ஒன்றுதான். பறித்த பிறகு நடந்தவைதான் வேறு.

தோலை உரித்துக் கழுவி உலர்த்துவதை வியாபாரத்தில் 'பார்ச்மெண்ட்' என்கிறார்கள். பழத்தோடு உலர்த்துவது 'செர்ரி'. செர்ரி என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். பழுத்ததை மட்டும் பறித்து, சுத்தமான தரையில் மெல்லிசாகப் பரப்பி, முறையாகக் கிளறிவிட்டால், செர்ரியிலும் நல்ல காபி வரும். அந்த இரண்டாவது டம்ளரைக் கெடுத்தது மண் தரை.

இருபது வருடம் தெரியாத ருசி

பெஞ்சில் உட்கார்ந்திருந்த விவசாயிக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். மிளகும் மலைவாழையும் ஊடுபயிர். "இருபது வருசமா காப்பி வெச்சிருக்கேன். பழத்தைப் பறிச்சுச் சாக்குல கட்டி எடை போட்டுருவேன். வீட்டுக்குக் காப்பித்தூள் பாக்கெட்தான். என் தோட்டத்துக் காப்பி என்ன ருசின்னு போன வருசம்தான் இந்தக் கடையில தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மலையில் அறுவடை தொடங்கும் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. களத்தில் பரப்பிய காபி நாலு நாள் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். பறிப்புக்கே ஆள் கிடைப்பதில்லை. கிளறிவிட யாரைத் தேடுவது? பிள்ளைகள் திண்டுக்கல்லிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கே பணம் வரும் என்றால், பழமாகக் கொடுப்பதுதான் நிம்மதி. இப்போது அவர் விளைச்சலில் பாதியை மட்டும் உலர்த்துகிறார். மழை வலுத்தால் மீதியைப் பழமாகவே விற்றுவிடுகிறார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சுமார் 6 கிலோ அராபிகா பழத்தில் 1 கிலோ கொட்டை கிடைக்கும். வறுத்தால் ஏறக்குறைய 800 கிராம் தேறும். டம்ளருக்கு 10 கிராம் தூள் என்றால், 80 டம்ளர். அந்தக் கடையில் டம்ளர் 15 ரூபாய். ஆக 1,200 ரூபாய். பால், சர்க்கரை, விறகு, உழைப்பு எல்லாம் இதில் அடக்கம் என்பதால், இது முழுக்க லாபம் இல்லை. ஆனால், உங்கள் ஊரில் 6 கிலோ பழத்துக்குக் கிடைக்கும் விலையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இடைவெளி தெரியும்.

கடைத் தூளில் சிக்கரியும் இருக்கலாம். சிக்கரி காபிச் செடியில் விளைவது அல்ல. குஜராத், உத்தரப்பிரதேசத்தில் பயிராகும் ஒரு செடியின் வேர். கலவைத் தூளில் 49 சதவிகிதம் வரை அதைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்.

ஊர் பெயர் முக்கியம். 2019-ம் ஆண்டில் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து பகுதிக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் கீழ்ப்பழனி மலை இல்லை. இதே மலையின் விருப்பாச்சி வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வாழைக்குக் கிடைத்த பெயர், அதன் நிழலில் விளையும் காபிக்கும் வரவேண்டும் என்றால், முதலில் ருசி சீராக இருக்க வேண்டும். அது களத்தில் செய்ய வேண்டிய வேலை.

உலர்த்துகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். தண்ணீரில் கொட்டி, மிதப்பதைத் தனியே எடுத்துவிடுங்கள்.
* பார்ச்மெண்ட் செய்வதாக இருந்தால், பறித்த அன்றே தோலை உரியுங்கள். குவித்து வைத்தால் புளித்த வாடை ஏறிவிடும். அராபிகாவில் வழவழப்பு நீங்க ஒன்று முதல் ஒன்றரை நாள் ஆகும். பிறகு, கையில் பிடித்தால் கரகரவென்று இருக்கும்வரை கழுவ வேண்டும்.
* மண் தரை வேண்டாம். சிமெண்டுக் களம், தார்ப்பாய் அல்லது கால் நட்டுக் கட்டிய வலைப் பரண் போதும். இரவிலும் மழையிலும் மூடிவையுங்கள். பார்ச்மெண்டில் ஈரப்பதம் 10 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். செர்ரி என்றால், கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும்.
* கழுவிய தண்ணீரை ஓடையில் விடாதீர்கள். கீழே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பழத்தோலை மட்கவைத்தால் தோட்டத்துக்கே உரம்.
* தண்ணீரும் ஆளும் இல்லாதவர்கள் பழமாக விற்பதில் தவறில்லை. பழுத்ததையும் காயையும் கலக்காமல் தனித்தனியே எடை போடச் சொல்லி விலை கேளுங்கள்.

எப்படி விற்றாலும் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். உலர்ந்த கொட்டையில் இரண்டு கைப்பிடி எடுத்து, உரலில் குத்திப் புடைத்து, இரும்புச் சட்டியில் இளந்தீயில் கைவிடாமல் கிளறி வறுங்கள். வெடிச் சத்தம் கேட்டு, சீராகப் பழுப்பேறியதும் இறக்கி ஆறவிடுங்கள். மறுநாள் அரைத்து, பால் இல்லாமல் குடியுங்கள். மண் வாசம் வந்தால் தரையைப் பாருங்கள். புளித்த வாடை வந்தால் பழம் குவிந்து கிடந்திருக்கிறது. பூஞ்சண வாடை வந்தால் ஈரத்தோடு மூட்டை கட்டியிருக்கிறீர்கள். பச்சைப் புல் வாசம் வந்தால் காய் கலந்திருக்கிறது.

நெல் விளைவிப்பவர் சோறு பொங்கிப் பார்க்காமல் ரகத்தைப் பற்றிப் பேசமாட்டார். காபி விவசாயியும் தன் காபியைக் குடித்துப் பார்த்துவிட்டே விலை பேச உட்கார வேண்டும்.