சொம்பின் கழுத்து

வீட்டுக்கு கிரைண்டர் வாங்கப் போனால்கூட மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான். டில்டிங்கா, டேபிள் டாப்பா, கரன்ட் எவ்வளவு இழுக்கும் என்று கடைக்காரரைத் துளைத்து எடுத்துவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான், போன வருஷம் ஒரு டாக்டர், ‘‘கர்ப்பப்பை வாயை வெச்சுக்கறீங்களா, இல்ல அதையும் சேர்த்து எடுத்துடலாமா?’’ என்று கேட்டபோது, ‘‘நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செஞ்சுடலாம் டாக்டர்’’ என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஏறின பிறகுதான் உறைத்தது. கர்ப்பப்பையை எடுப்பது என்றால் மொத்தமாக எடுப்பதுதானே? அதில் பாதியை வேறு வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு ஃபைப்ராய்டு கட்டிகள். மாசத்தில் பத்து நாள் ரத்தப்போக்கு. இரண்டு வருஷமாக நான் வெளிர் நிறப் புடவையே கட்டவில்லை. ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்துவிட்டது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. நாற்பத்தேழு வயசில், ‘எடுத்துடலாம்’ என்ற முடிவுக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், இந்தப் புதுக் கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது.

ஆபீஸில் ஒரு தோழி, ‘‘ஐயோ, அதை எடுக்காதடி. அப்புறம் அந்த உணர்ச்சியே போயிடுமாம்’’ என்றாள். ‘எந்த உணர்ச்சி?’ என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அம்மாவோ, ‘‘எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடச் சொல்லு. உன் சித்திக்கு ஆன கதி தெரியுமில்ல?’’ என்றாள். தெரியும். சித்திக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசு.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஏழு கேள்விகளை எழுதிக்கொண்டு, மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் சிரித்தார். ‘‘இப்பதான் நீங்க சரியான பேஷன்ட்’’ என்றார்.

‘கவிழ்த்து வைத்த ஒரு சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் உடல்தான் கர்ப்பப்பை, கழுத்துதான் கர்ப்பப்பை வாய்’ என்று விளக்கினார். ஆன்டிபயாடிக் வராத காலத்தில், தொற்றுக்குப் பயந்து, கழுத்தை விட்டுவிட்டு உடலை மட்டும்தான் பெரும்பாலும் எடுப்பார்களாம். 1929-ல் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க டாக்டர், மொத்தமாக எடுக்கும் முறையை விளக்கி எழுதினார். விட்டுவைத்த பகுதியில் புற்றுநோய் வரலாம் என்ற பயமும் சேர்ந்துகொள்ள, பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. 1980-களில் பின்லாந்து டாக்டர்கள், ‘வாயை விட்டுவைத்தால் தாம்பத்தியம் நன்றாக இருக்கிறது’ என்று எழுத, காற்று திரும்பி அடித்தது.

‘‘அது நிஜமா டாக்டர்?’’ நான்காவது கேள்வி அதுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், சுவரில் இருந்த குழந்தை படத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

‘‘இங்கிலாந்துல 279 பெண்களை ரெண்டு பிரிவாப் பிரிச்சுப் பார்த்து, 2002-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு தாம்பத்தியம், சிறுநீர், மலம் எதுலயும் வித்தியாசம் இல்ல. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய அதையேதான் சொல்லுது. வெச்சுக்கிட்டா ஆபரேஷன் கொஞ்சம் சீக்கிரம் முடியும், ரத்த இழப்பும் கொஞ்சம் குறைவு. ஆனா, சிலருக்கு மாசாமாசம் லேசாப் படும். முக்கியமா, பாப் ஸ்மியர் டெஸ்ட்டுக்கு விடாம வரணும். நீங்க கடைசியா எப்ப எடுத்தீங்க?’’

எடுத்ததே இல்லை. சித்தியைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வந்துகொண்டு, நாற்பத்தேழு வயசு வரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. காலண்டர் தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே எடுத்தார்கள். ரிசல்ட் நார்மல். ‘‘இப்ப ரெண்டு வழியும் திறந்திருக்கு, முடிவு உங்களோடது’’ என்றார் டாக்டர். அன்று ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்: இனி அறுபத்தைந்து வயசு வரை டெஸ்ட்டுக்கு ஒழுங்காகப் போகிற ஆளா நீ? பதில் எனக்கே தெரியும். எடுத்துவிடச் சொன்னேன். சினைப்பைகள் நன்றாக இருந்ததால் அவற்றை விட்டுவைத்தார்கள். ஹார்மோன் சுரப்பது அவைதான்; கர்ப்பப்பை வாய் அல்ல. இது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருக்க, துணைக்கு வந்த பெரியக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். ‘‘எனக்கு அந்தக் கவலையே இல்ல. 1999-லயே எல்லாத்தையும் எடுத்தாச்சு’’ என்றாள். எனக்கு என்னவோ உறுத்தியது. பீரோவைக் குடைந்து பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னேன். பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு சிசேரியன் தழும்பால் சிறுநீர்ப்பை ஒட்டிக்கொண்டிருந்ததால், பாதுகாப்புக்காக கர்ப்பப்பை வாயை விட்டுவைத்திருக்கிறார்கள். டாக்டர் செய்தது சரிதான். ஆனால், அது தன் வயிற்றில் இருப்பது தெரியாமலே அக்கா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறாள். ஒரு டெஸ்ட்கூட எடுத்ததில்லை.

அறுபத்தோரு வயசில் முதல் தடவையாக பாப் ஸ்மியர் எடுத்தாள். ரிசல்ட் வருகிற வரை இரண்டு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, நார்மல்.

உங்கள் வீட்டில் அம்மாவோ, அக்காவோ, அத்தையோ ‘எனக்கு எல்லாம் எடுத்தாச்சு’ என்று சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள். ஃபைலைத் தேடி எடுங்கள். ஃபைல் கிடைக்கவில்லையென்றால், ஒரு மகளிர் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பரிசோதித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

நான் போன வாரம் ஒரு சந்தன நிறப் புடவை வாங்கினேன். அக்காவுக்கும் ஒன்று.