நெட்டுக்குப்பத்தில் ஒரு நண்பகல்

வேளாங்கண்ணியில் இரண்டு நாட்கள் தங்கி அன்னையை வணங்கிய பின், நாமும் நம் துணைவியாரும் நாகப்பட்டினத்தில் ரயிலேறி ஒரு காலைப் பொழுதில் சென்னை எழும்பூரில் வந்திறங்கினோம். பணி ஓய்வுக்குப் பின் மேற்கொண்ட இரு திங்கள் பயணம் அது. கல்கத்தா, பண்டேல் மாதா கோவில், தில்லி, சர்தானா, கோவா, மங்களூர் என்று வளைந்து, மலையாள நாட்டின் வழியே ஊர் திரும்புவதாக ஏற்பாடு. கல்கத்தா வண்டி இரவில்தான் புறப்படும். இடையில் கிடைத்த ஒரு பகலில் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்றார் துணைவியார். நமக்கோ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத ஒரு நண்பரைக் காண வேண்டியிருந்தது.

பெட்டிகளைச் சென்ட்ரல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு முதலில் இராயபுரம் சென்றோம். நாம் இராயப்பர் என்று அழைக்கும் புனித பேதுருவின் பெயரால்தான் அவ்வூர் இராயபுரம் ஆயிற்று என்பர். துறைமுகம் இல்லாத நாட்களில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலைகளின் மீது படகு செலுத்திய படகோட்டிகள் எழுப்பிய ஆலயம் அங்கே இருக்கிறது. சற்று நேரம் செபித்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தோம். 1856ஆம் ஆண்டு தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. இன்று கும்மிடிப்பூண்டி வண்டிக்காகக் காத்திருக்கும் சிலரைத் தவிர அங்கே ஆரவாரம் ஏதும் இல்லை.

தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர், கத்திவாக்கம் என்று வண்டி ஊர்ந்தது. திருவொற்றியூரைப் பட்டினத்தார் அடங்கிய தலம் என்று பலரும் அறிவர். நமக்கு அது கடைசல் இயந்திரத்தின் முன் நின்று கைகளில் எண்ணெய்க் கறையோடு பழகிய ஊர். 1979இல் அங்கே ஓர் ஆலையில் நாம் பயிலுநராக இருந்தபோது, அடுத்த இயந்திரத்தில் நின்றவர்தாம் இந்த நண்பர். நம்மைவிட மூன்று வயது மூத்தவர். நெட்டுக்குப்பத்து மீனவர் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறுதோறும் பிற்பகலில் நம்மைத் தம் தந்தையாரின் படகில் ஏற்றி, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் வரை அழைத்துச் செல்வார். இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் குனிந்து, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடுவதை அங்கேதான் முதன்முதலாகக் கண்டோம். மாலையில் அவர் தாயார் மண்சட்டியில் ஆற்று இறாலைத் தொக்காக வைத்துப் போடுவார். அந்தச் சுவையைப் பற்றிப் பேசிப் பேசியே துணைவியாரின் பொறுமையைச் சோதித்திருக்கிறோம்.

தந்தையார் காலமானதும் நண்பர் ஆலை வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்கே திரும்பினார். மாதச் சம்பளத்தை உதறுவது பேதைமை என்று நாம் கடுமையாகவே வாதிட்டோம். “ஆலையை ஒருநாள் மூடுவார்கள் தம்பி, ஆற்றை யார் மூடுவார்?” என்று கேட்டு அவர் சிரித்தார். அந்த வாதம் மனத்தாங்கலாக முடிந்தது. பின்னர் கடிதமும் குறைந்து, திருமண வாழ்த்தோடு நின்றுபோயிற்று.

எண்ணூர் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் சென்றோம். வழியெங்கும் சரக்குப் பெட்டக லாரிகள். 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட அனல் மின் நிலையத்தைக் கடந்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கிறது. நெட்டுக்குப்பம் அப்படியே இருக்கும் என்று நினைத்தது நம் அறியாமை. கூரை வீடுகள் இருந்த இடத்தில் மாடி வீடுகள். கடலுக்குள் பாதியில் அறுபட்டு நிற்கும் பழைய பாலத்தருகே புகைப்படம் எடுக்கும் இளைஞர் கூட்டம்.

நண்பர் தெருமுனையிலேயே காத்திருந்தார். “வா தம்பி! வாம்மா!” என்று நம் கையைப் பற்றியவர் நெடுநேரம் விடவில்லை. தலை முழுதும் நரைத்திருந்தது; தோள்கள் மட்டும் துடுப்புப் பிடித்த தோள்களாகவே இருந்தன.

சாப்பாட்டுக்கு முன் ஆற்றைப் பார்த்துவரலாம் என்று படகுத்துறைக்கு அழைத்துச் சென்றார். எதிர்க்கரையில் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அதற்கப்பால் 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் பெயரைத் தாங்கும் துறைமுகம். நிலக்கரியை எரித்த சாம்பல் நீரோடு கலந்து குழாய்களில் செல்வதையும், குழாய் கசியும் போதெல்லாம் அச்சாம்பல் ஆற்றின் அடியில் படிவதையும் நண்பர் விளக்கினார். சேற்றில் வாழும் இறாலுக்கும் நண்டுக்கும் சாம்பலில் வாழ வழியில்லை. ஆழம் குறைந்துவிட்டதால் முன்பு படகு மிதந்த இடத்தில் இப்போது நடந்தே போகலாமாம். மடவையும் கிழங்கானும் கிடைக்கும் நாள் உண்டு. வெறுங்கையோடு திரும்பும் நாளும் உண்டு.

எண்ணெயைப் பற்றிக் கேட்டோம். 2017 சனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், மாணவர்கள் வாளிகளால் அதை அள்ளியதையும் நாளிதழ்களில் படித்திருந்தோம். “அது கடலில் வந்தது. 2023இல் வந்தது வீட்டுக்குள்ளே வந்தது” என்றார். அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே ஆற்றில் இறங்கிப் படகு, வலை, சுவர் என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. மீனவர்களே படகில் சென்று பீப்பாய்களில் அள்ளினார்கள். நண்பரும் அள்ளினார். அரசு குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் சேதமுற்ற படகுக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. வலைகளை எரிக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தத் துயரம் ஆறுமுன், டிசம்பர் 26 நள்ளிரவில், ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் தெருவில் ஓடினார்கள். “சுனாமி வந்த அதே தேதி தம்பி. அன்று கடலைக் கண்டு ஓடினோம், இன்று காற்றைக் கண்டு ஓடினோம்” என்றார்.

வீட்டில் அண்ணியார் இலை போட்டுக் காத்திருந்தார். சோறு, இரசம், நடுவே மண்சட்டியில் இறால் தொக்கு. ஒரு வாய் உண்டதும், “அதே ருசி அண்ணே! ஆற்று இறாலுக்கு ஈடேது!” என்று நாம் வியந்தோம். நண்பர் குனிந்து உண்டுகொண்டிருந்தார். அண்ணியார்தாம், “விடியற்காலையில் காசிமேடு போய் வாங்கி வந்தார்” என்று மெல்லச் சொன்னார்.

முகத்துவாரத்தில் பிறந்தவர் விருந்தினருக்காக விலை கொடுத்து இறால் வாங்கியிருக்கிறார். நமக்குக் கவளம் இறங்கவில்லை. “கிடைப்பதை நாங்கள் சாப்பிடுகிறோம் தம்பி. உனக்கும் தங்கச்சிக்கும் போட எனக்குத் துணிவு வரவில்லை” என்றார். துணைவியார் ஒன்றும் பேசாமல் இன்னும் கொஞ்சம் தொக்கு கேட்டு வாங்கிக்கொண்டார். அச்சமயம் அதைவிட நல்ல சொல் எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

பழைய வாதத்தை நாம் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். மகன் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான், ஆற்றுக்கு வருவதில்லை. “ஆற்றை யார் மூடுவார் என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா?” என்றார். நினைவிருக்கிறது என்றோம். ஓய்வூதியத்தில் ஊர் சுற்றும் நாம் அதற்குமேல் என்ன சொல்வது? நாம் பயின்ற அந்த ஆலை என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

புறப்படும் வேளையில் திண்ணையில் வலையைப் பிரித்துப் பொத்தல் பார்க்கத் தொடங்கினார். இங்கே ஆற்றில் வலை கட்ட முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பாடு’ என்று பெயர். வலுத்தவன் தினமும் மறித்துக் கட்டி எளியவன் வயிற்றில் அடிக்காதபடி முன்னோர் செய்த ஏற்பாடு. மறுநாள் அவருக்குப் பாடு. இத்தனைக்குப் பிறகுமா என்று துணைவியார் கேட்டுவிட்டார். “முறை வந்துவிட்டதேம்மா. நான் போகாவிட்டால் இடம் சும்மா கிடக்கும்” என்றார்.

நிலையம் வரை உடன் வந்தார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இரண்டடி நடந்து, “திரும்பும்போது வா தம்பி. நல்ல இறால் பட்டால் சொல்லி அனுப்புகிறேன்” என்றார்.

சரி அண்ணே என்றோம். நாம் திரும்பும் வழி மங்களூர் என்பதைச் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை தாண்டியதும், கோவாவிலிருந்து சென்னைக்கு ரயில் உண்டா என்று விசாரியுங்கள் என்றார் துணைவியார்.