கைக்குழந்தையோட ஊருக்குப் போறீங்களா? மடக்குத் தொட்டில் பற்றி ஓர் இழை

1. காதுகுத்து, குலதெய்வக் கும்பிடு, தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் பூஜைன்னு கைக்குழந்தையோட தாடிக்கொம்பு வர்ற குடும்பங்களை என் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் கேட்பாங்க. "ராத்திரி குழந்தையை எங்க படுக்க வைக்கிறது?"ன்னு மட்டும் யாரும் கேட்கிறதில்லை. இந்த இழை அதைப் பத்தித்தான்.

2. சொந்தக்காரங்க வீட்டில் என்ன நடக்கும்? ஒரே கட்டிலில் அம்மா, பாட்டி, சித்தி, நடுவில் குழந்தை. இல்லாட்டி சுவரோரமா. பயணக் களைப்பில் தூங்கும் பெரியவங்களுக்குப் புரண்டதே தெரியாது. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் முகம் சிக்கினால், சின்னக் குழந்தையால் தலையைத் திருப்பிக்க முடியாது. அழுது கூப்பிடவும் முடியாது.

3. இதுக்கு ஒரு வழிதான் ப்ளேயார்டு. நாலு பக்கமும் வலை, கீழே தட்டையான அடித்தளம், மடக்கிப் பையில் போட்டுக்கலாம். எடை குறைந்தது ஆறு கிலோ பக்கம் வரும், மற்றது பத்து கிலோவைத் தொடும். பஸ்ஸில் வர்றவங்க இதை முதலில் யோசிங்க.

4. என் தங்கச்சி ஐந்து மாசக் குழந்தையோட பெங்களூரிலிருந்து வர்றதுக்கு முன்னாடி நாலு படம் அனுப்பினா. "அண்ணே, இதில எது நல்லா மெத்து மெத்துன்னு இருக்கும்?" நான் சொன்னேன், "மெத்துன்னு இருக்கிற எதுவும் வேண்டாம்மா."

5. காரணம் இருக்கு. குழந்தை குப்புறப் புரண்டால் மெத்தென்ற படுக்கை மூக்கையும் வாயையும் மூடிடும். அதனால் ப்ளேயார்டோடு வரும் மெல்லிய, கெட்டியான அட்டை மெத்தையே போதும். "முதுகு வலிக்குமே"ன்னு மேலே இன்னொரு மெத்தை போடாதீங்க. ஓரத்து இடைவெளியில் குழந்தை சிக்கும்.

6. மல்லாக்கப் படுக்க வைக்கணும். அமெரிக்காவில் 1994-ல் இதை ஒரு இயக்கமாகவே கொண்டுபோனாங்க. அடுத்த சில வருஷங்களில் திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, படுக்க வைக்கிற விதம்தான்.

7. இப்போ முக்கியமான விஷயம், பழைய தொட்டில். தங்கச்சியோட நாத்தனார் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய செட் ஒன்று வீட்டில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் வளர்ந்தது. விரிச்சுப் பார்த்தோம். ஒரு பக்கக் கம்பி 'க்ளிக்'னு பூட்டலை, கையை வெச்சு அழுத்தினதும் மடங்குது. "கயிறு கட்டிக்கலாமே"ன்னார் அப்பா. நான் ஒத்துக்கலை.

8. தங்கச்சி முகம் வாடிப்போச்சு. "ஆசையா அனுப்பினாங்க அண்ணே, தப்பா நினைப்பாங்க." நானே போன் போட்டுப் பேசினேன். அவங்க சொன்னது, "ஐயோ டாக்டர், தூக்கிப் போடுங்க முதல்ல."

9. ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1998-ல் சிகாகோவில் ஒன்றரை வயதைத் தொடாத குழந்தை மடக்குத் தொட்டிலில் இறந்தது. பக்கக் கம்பிகள் 'வி' வடிவில் மடங்கி கழுத்தை இறுக்கிவிட்டன. அந்த மாடலை 1993-லேயே திரும்பப் பெறுவதாக அறிவித்திருந்தார்கள். அதை வைத்திருந்தவங்களுக்கு விஷயமே தெரியாது. அந்தப் பெற்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 2008-ல் வந்த சட்டத்தின் ஒரு பகுதி அந்தக் குழந்தையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

10. ஆகவே வாங்கும்போது, வாங்கித் தரும்போது:
- நாலு பக்கக் கம்பியும் பூட்டுதா? அழுத்திப் பாருங்க.
- வலை கிழிசல் இல்லாம, கண்ணி கால் அங்குலத்துக்கும் சிறியதா?
- அடித்தளம் தட்டையா, சரிவு இல்லாம இருக்கா?
- மாடல் பெயரும் தயாரிப்புத் தேதியும் ஒட்டியிருக்கா? நெட்டில் போட்டு 'ரீகால்' இருக்கான்னு தேடுங்க.
- மேல்தட்டு இருந்தால், குழந்தை புரளவோ கையை ஊன்றி எழும்பவோ ஆரம்பித்ததும் கீழ்த்தட்டுக்கு மாத்திடுங்க.

11. உள்ளே குழந்தை மட்டும்தான். கடுகுத் தலையணை, பொம்மை, போர்வை எதுவும் வேண்டாம். கடையில் கிடைக்கும் குடை கொசுவலை மெத்தையை அப்படியே உள்ளே வைக்காதீங்க. கொசுவுக்கு அந்தத் தொட்டிலுக்குன்னே செஞ்ச, இறுக்கமாக மாட்டும் வலை போதும். நம்ம திண்டுக்கல் வெயிலுக்குப் பருத்திச் சட்டை ஒன்று, ஃபேன் காற்று. போதும்.

12. "நாங்க எல்லாம் தூளியில வளரலையா?" எங்க அம்மாவும் கேட்டாங்க. வளர்ந்தோம். பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆட்டுங்க. ஆனா தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் படும், மூச்சு தடைபடலாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சேலையைச் சுற்றி விளையாடி கழுத்து இறுகிய விபத்துகளும் நம்ம தமிழ்நாட்டில் நடந்திருக்கு. ராத்திரி முழுக்க தூளி வேண்டாம்.

13. காசு இல்லையா? வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. தரையைக் கூட்டி, கோரைப்பாய் விரித்து, மேலே ஒரு பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, சுவரை விட்டுத் தள்ளி, உங்க கைக்கு எட்டும் தூரத்தில் தனியாகப் படுக்க வையுங்க. கெட்டி, தட்டை, காலி. பத்தாயிரம் ரூபாய்த் தொட்டிலிலும் பார்க்க வேண்டியது இந்த மூணுதான்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. பதில் சொல்றேன்.