திக்கும் திரை

கணினி படம் வரையும் வேகமும் திரை புதுப்பிக்கப்படும் வேகமும் ஒத்துச் செல்லாவிடில், புத்தம் புதுக் கருவியிலும் விளையாட்டு திக்கும். கிள்ளானில் வாழும் என் தமக்கை மகன் ஈராண்டுச் சேமிப்பில் வாங்கிய கணினி அவ்வாறே திக்கியது. கடன்பட்டேனும் வரைகலை அட்டையை மாற்றத் துணிந்தவன், பிரிக்பீல்ட்சிலுள்ள என் இல்லத்துக்கு அதனைக் கொணர்ந்தான்.

திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுவது. கணினி வரைந்த படங்களோ 70-க்கும் 90-க்குமிடையே ஊசலாடின. பாடகரை நோக்காது தாளம் தன்போக்கில் விழும் கச்சேரிதான்! படம் ஆயத்தமாகும்வரை திரையைக் காத்திருக்கச் செய்வது மாறும் புதுப்பிப்பு வீதம். 2013-இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க் அவ்வகையினது. அணைந்து கிடந்த அவ்வசதியை இயக்கினோம், நடுக்கம் தணிந்தது.

ஆயினும் புதுக் களத்தில் நுழைந்தபோதெல்லாம் காட்சி ஒரு கணம் உறைந்தது. அதே களத்தில் மறுமுறை உறையவில்லை. ஒளியும் நிழலும் தீட்டும் ஷேடர் நிரல்களை மையச் செயலி முதன்முறை தொகுக்கும் தாமதம் அது. புதிய அட்டை வாங்கினாலும் நீங்காது.