ஐந்து பிள்ளைகளுடன் வேளாங்கண்ணிக்கு

ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்திற்குத் தனியே செல்பவருக்குத் தலைசாய்க்கச் சிறு இடம் போதும். பிள்ளைகள் பலருடன் செல்லும் குடும்பத்திற்கோ இரவு தங்குமிடமே முதற்கவலை.

ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம். ஆகவே விழா முடிந்தபின் வந்த ஒரு வாரநாளில் நாங்கள் எழுவரும் புறப்பட்டோம்.

இரயிலில், தனிப்படுக்கை கேளாத 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கட்டணமில்லை. 5 வயது நிறைந்து 12 நிறையாதவருக்குப் படுக்கை வேண்டின், 2016 முதல் முழுக் கட்டணம், வேண்டாவிடில் பாதி. சிறியோரை எங்களோடு கிடத்திச் செலவைக் குறைத்தோம்.

சென்றடைந்ததும் தனியார் விடுதி ஒன்றில் தலைகளை எண்ணினர். அறைக்கு மூவரே, ஆகவே மூன்று அறைகள் எடுக்க வேண்டுமென்றனர். பெற்றோர் இருவரே, மூன்றாம் அறையில் பிள்ளைகள் யார் துணையில் உறங்குவர்? பணத்தினும் அக்கேள்வியே எங்களை வருத்தியது.

இறுதியில் திருத்தல விடுதியில் பெரிய அறையொன்று கிடைத்தது. பாய் விரித்து, ஒன்றாய்ச் செபமாலை சொல்லி, ஒன்றாய் உறங்கினோம்.

பெரிய குடும்பத்தினர் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் முன்னரே தெரிவித்து, ஒரே பெரிய அறையைக் கேட்பது நலம். விடுதி நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம்: பெத்லகேமில் இடமின்றி நின்றதும் ஒரு குடும்பமே. பிள்ளைகளைப் பாரமெனக் கருதாது, பெற்றோர் அருகே அவர்கள் உறங்க வழிசெய்யுங்கள்.