மாதவிடாய்ச் சீரின்மையும் சீன மருத்துவமும்

மாதவிடாய் ஒழுங்கற்று வருவதைச் சீன மருத்துவம் ஒரே நோயாகக் கருதுவதில்லை. ஏழு நாட்களுக்கு மேல் முந்தி வருவது ஒருவகை, பிந்தி வருவது இன்னொன்று, முன்பின்னாக மாறி மாறி வருவது மூன்றாவது. முந்தி வந்தால் உடலில் வெப்பம் மிகுந்தது அல்லது 'சீ' எனும் உயிராற்றல் குறைந்தது என்பார்கள். பிந்தினால் குளிர்ச்சி அல்லது ரத்தக் குறைவு. மாறி மாறி வந்தால் கல்லீரலின் ஆற்றல் தேங்கியிருக்கலாம், சிறுநீரகம் நலிந்திருக்கலாம். இந்த உறுப்புப் பெயர்கள் உடற்கூறியல் சொல்லும் உறுப்புகளை அப்படியே குறிப்பவை அல்ல. நாக்கின் நிறம், நாடி, உதிரத்தின் நிறமும் கட்டியும், உறக்கம், மனநிலை எல்லாவற்றையும் பார்த்தே வகை முடிவாகும். ஆகவே ஒரே புகாருடன் வரும் இரு பெண்களுக்கு வெவ்வேறு மருந்து கிடைப்பது இயல்பு.

சோங் அரசமரபுக் காலத்தில் சென் சிமிங் 1237இல் பெண்களுக்கென்றே ஒரு பெரும் மருந்து நூலைத் தொகுத்தார். பெண்களுக்கான இம்மருத்துவ மரபின் அடிப்படைக் கஷாயம் 'சி வூ தாங்': பதப்படுத்திய ரெமானியா வேர், வெண் பியோனி வேர், டாங் குய், சுவான்சியோங் என நான்கு சரக்குகள். கல்லீரல் தேக்கத்துக்கு 'சியாவ் யாவ் சான்' எனும் மருந்துக் கலவை தரப்படுகிறது. கணுக்காலின் உட்புறத்துக்குச் சற்று மேலுள்ள 'சான்யின்ஜியாவ்' புள்ளியில் ஊசி குத்துவதும் வழக்கம். கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்ப்பது மரபு.

இவற்றின் பலனுக்கு உறுதியான ஆய்வுச் சான்று இன்னும் போதவில்லை. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோருக்கு டாங் குய் ரத்தப்போக்கை அதிகரிக்கக்கூடும். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கர்ப்பம் ஆகியவை காரணமா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்வது மிக அவசியம்.