தண்ணீர் வற்றினாலும் தெரியாத வீடு

மழை பொய்த்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வற்றும்போதெல்லாம் இலங்கைப் பத்திரிகைகளில் அந்தப் படம் வந்துவிடும். சேற்றுக்கு நடுவே கூரையில்லாத ஒரு கோயில், தள்ளி ஒரு விகாரையின் மிச்சம், பள்ளிவாசலின் சுவர். 1969-இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா அது. படத்துக்குக் கீழே மத நல்லிணக்கம் பற்றி இரண்டு வரி கட்டாயம் இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் சாமிகள் மட்டுமே குடியிருந்த ஊர் போல அது தோன்றுவதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்த மாசியில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, கோத்தகிரியிலிருந்து கிளம்பிப் போனேன். ஹட்டனில் கோச்சியை விட்டிறங்கினால் சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம். வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்களோடு பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றேன். டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிறது. நோர்வூட்டில் பாதை பிரிந்து மஸ்கெலியா பக்கம் ஏறுகிறது. இன்றைய மஸ்கெலியா மேட்டில் குடியேற்றிய புது நகரம். கடை, வங்கி, பஸ் நிலையம் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

ஓட்டோத் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டி நல்ல பழக்கம். சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன்மேல் பழைய தார் ரோடு ஒன்று எழுந்து கொஞ்ச தூரம் போய் மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வழியெல்லாம் பீங்கான் கோப்பைத் துண்டுகள், சோடாப் போத்தல் கழுத்துகள், துருப்பிடித்த ஒரு தையல் மெஷின் கால். கோயில் வாசலில் ஒரு கல்யாண ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "இது கோயில் ஐயா, அது பன்சலை, அந்தப் பக்கம் பள்ளி" என்று வரிசையாகச் சொல்லிவந்தவன், "ஐயாவோட வீடு எந்தப் பக்கம்?" என்றான். தண்ணீரைக் காட்டினேன். வற்றியது போக நடுவில் கிடந்த தண்ணீர். எங்கள் பணிய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, ஓயா என்கிற ஆற்றை ஒட்டினாற்போல் இருந்தது. எந்தக் கோடையிலும் அது வெளியே வராது. வந்தாலும் காட்டுவதற்கு அங்கே என்ன இருக்கும்!

பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை, கொண்ட லயம். எங்களுடையது தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து நாலாவது. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்புத் திண்ணை, அதிலேயே அடுப்பு. ஆறு பேர் படுத்தால் ஏழாவது ஆள் புரள முடியாது. இடைச்சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அதன் வழியாகப் பக்கத்துக் காம்பராவின் புகையும் குழம்பு வாசமும் சண்டையும் இந்தப் பக்கம் வரும். இங்கே அப்பா அம்மாவைத் திட்டினால் அங்கிருந்து ஒரு கிழவி குரல் கொடுப்பாள்: "போதும்டா, புள்ளைக தூங்கட்டும்." அவ்வளவுதான், அப்பா அடங்கிவிடுவார். தகரக் கூரையில் மழை இறங்கினால் அந்தக் குரலும் கேட்காது. மஸ்கெலியாவில் மழை இறங்காத மாதம் குறைவு.

விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்குத் தப்பு அடிக்கும். அம்மா ரொட்டி தட்டிக் கட்டைச் சம்பல் அரைத்து வைத்துவிட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கூடையோடு மலைக்குப் போய்விடுவாள். எங்களுக்குச் சாயத் தண்ணி, உள்ளங்கையில் சீனி. நக்கி நக்கிக் கடைசி மிடறு வரை சீனி மிஞ்ச வேண்டும். இதில் அக்காதான் கெட்டிக்காரி.

லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயசு. டவுன் கடைக்காரர்கள் புது நகரத்தில் கடை கிடைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. தோட்டத்து வீடு, தோட்டமே மேட்டில் இன்னொரு லயத்தைக் காட்டியது. அப்பா பழைய காம்பராவுக்குத் தன் காசில் ஒரு பலகைக் கதவு போட்டிருந்தார். அதைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். பாதி வழியில் கணக்கப்பிள்ளை மறித்து, கதவு தோட்டத்துச் சாமான், இறக்கு என்றார். அப்பா வாதாடவில்லை. இறக்கிப் பாதையோரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் தோட்டத்து ஆட்கள் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆக, தண்ணீர் வந்தபோது மூழ்குவதற்கு அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. சொந்தமில்லாத வீட்டை இழந்ததாக யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தானோ என்னவோ, அப்பா கடைசிவரை அந்த லயத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கதவைப் பற்றி மட்டும் பேசுவார். நல்ல பலாப் பலகை.

லயத்தை மூழ்கடித்த அந்தத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஸபான, பொல்பிட்டிய போன்ற மின்நிலையங்களில் சக்கரம் சுற்றிவிட்டுத்தான் இன்று களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. எங்கள் புது லயத்தில் நாங்கள் இருந்த காலம் முழுக்கக் குப்பி லாம்புதான்.

அதற்குள் இன்னொரு தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்கு நாடில்லாமல் போயிற்று. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1973-இல் இந்தியாவுக்குப் போக எங்கள் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களும் இருக்கிறவர்களும் கட்டிக்கொண்டு அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டம். அங்கேயும் லயம்தான், பேர் மட்டும் குவார்ட்டர்ஸ்.

ராத்திரி தங்கிய இடத்திலிருந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பீலிக்கரை தெரிஞ்சுச்சாடா?"

"இல்லக்கா. அந்த இடம் தண்ணிக்குள்ளதான் இருக்கு."

"நம்ம காம்பராவுக்கு நேரா பாத்தியா? வாசல்ல நின்னா மலை தெரியுமே."

"வாசல் ஓயா பக்கமில்ல இருந்துச்சு?"

"உனக்கு என்னடா தெரியும், சின்னப்பய. நான்தானே தெனம் வாசல் கூட்டினேன்."

சண்டை முடியவில்லை. அடுத்த வறட்சிக்குத் தானே வந்து காட்டுகிறேன் என்றாள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். 1973-இல் குடும்பத்துக்கே சேர்த்துக் கொடுத்த பழையதை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அது செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறந்த ஊர் என்று கேட்டிருக்கும் இடத்தில் மஸ்கெலியா என்று போட்டால் போதுமா, பழைய மஸ்கெலியா என்று போடணுமா என்று கேட்டாள். விண்ணப்பம் நிரப்பித் தருகிற பையனிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.